அண்ணன் என்று போட்ட கையெழுத்து

1

ஆண்டு மலருக்கு ஒரு பெங்களூர்க் குறிப்பு அனுப்புங்கள் என்று நம் ஊர் வாசகர் வட்டத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். நானும் அனுப்பிவருகிறேன். ஏரி நுரைத்ததை எழுதினேன். மெட்ரோ வந்ததை எழுதினேன். கன்னட எழுத்துகளைக் கடைப் பலகைகளைப் பார்த்தே கற்றுக்கொண்டதை எழுதினேன். குடியாத்தத்தில் காலை ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்துவிடும் ஊரைப் பற்றி, ஏதோ கடல் தாண்டிப் போனவள் போல எழுதுகிறாளே என்று சிலர் கேலி செய்வதும் எனக்குத் தெரியும். சம்பளச் சீட்டு ஒரு மொழியில், மின்கட்டண ரசீது இன்னொரு மொழியில், கனவு மூன்றாவது மொழியில் வருகிற ஊர் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அயலூர்தான்.

இந்த வருடம் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி எழுதுகிறேன். பிரதர்லி. பெயருக்கு முன்னால் வருகிற அடைமொழி. கூடப் பிறந்தவனுக்கு உரிய பரிவு உடைய என்று பொருள். அன்புக்கு முன்னால் போடலாம், அறிவுரைக்கு முன்னால் போடலாம், தோளில் தட்டிக்கொடுப்பதற்கு முன்னால்கூடப் போடலாம். இரத்த உறவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சரியாகச் சொன்னால், இரத்த உறவு இல்லாத இடத்தில்தான் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். அண்ணன் என்பது ஒரு தகவல். பிரதர்லி என்பது ஒரு நடத்தை. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத வீடுகள் நம் ஊரிலேயே உண்டு.

பத்திரத் தாளில் டைப் செய்யப்பட்ட இந்தச் சொல் சில வாரங்களாக என் மேசைமேல் கிடந்தது. அதன் கீழே கையெழுத்துப் போடவும் முடியவில்லை, அதைக் கிழிக்கவும் முடியவில்லை. விஷயம் எப்படியும் உங்கள் காதுக்கு வரும். வேறு வாய் வழியாக வருவதற்குள் என் எழுத்தில் வந்துவிடட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. காரணங்களை ஊர் என்னைவிட நன்றாக அறியும். இங்கு வந்த முதல் சில வருடங்கள் பெண்கள் விடுதியில் இருந்தேன். விடுதியை மூடப்போகிறோம் என்றபோது வீடு தேட ஆரம்பித்தேன். விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஓர் அறையும் சமையலறையும் காலியாக இருந்தன. கீழே வீட்டுக்காரர் பிலோமினா ஆன்ட்டி, கணவரை இழந்தவர். மாடிக்குப் போகும் படி அவர் வாசற்கதவைத் தொட்டுக்கொண்டுதான் ஏறும். வேறு வழி கிடையாது.

"தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு குடுக்கறதில்லமா. அண்ணன் தம்பி யாராச்சும் வந்து கையெழுத்துப் போட்டா பாக்கலாம்" என்றார்.

என் சொந்த அண்ணனுக்குப் போன் செய்தேன். "நாங்க பாத்த மாப்பிள்ளை வேணாம்னு போனவளுக்கு வீடு மட்டும் நாங்க பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவரும் இந்த மலரைப் படிக்கிறவர்தான். நான் எழுதியிருப்பதில் ஒரு சொல்கூட மாறவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்போதுதான் அருள்ராஜ் வந்தார். தொம்மலூரில் நான் வேலை செய்யும் மருந்துப் பரிசோதனைக்கூடத்தில் எடைக் கருவிகளைப் பழுது பார்த்துச் சரிசெய்வது அவர் வேலை. தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அருள்ராஜ் தினமும் விடிகாலை ரயிலில் அங்கிருந்து வந்து போய்க்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி ஸ்டெல்லா, பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள் ஷெரின். என் வீட்டுப் பிரச்சினை கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "இன்னா மேடம், ஒரு கையெழுத்துதானே. நான் வந்து போடறேன்" என்றார்.

பிலோமினா ஆன்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சொந்த அண்ணனா?"

"அண்ணன் மாதிரி ஆன்ட்டி."

"மாதிரின்னு எழுத அக்ரிமென்ட்ல எடம் இல்ல. அண்ணன்னே எழுது."

"நான் அவங்களவிட சின்னவன் ஆன்ட்டி. ரெண்டு வயசு."

"தம்பி கையெழுத்த யாரு மதிப்பா? அண்ணனாவே இரு. அவளும் அண்ணான்னே கூப்பிடட்டும். சந்துல நாலு பேர் காதுல விழணும்."

அப்படித்தான் என்னைவிட இளையவர் எனக்கு அண்ணன் ஆனார். இந்த ஊரில் அண்ணா என்பது சில்லறைக் காசு போல. ஆட்டோக்காரர் அண்ணா, காய்கறி வண்டிக்காரர் அண்ணா, கன்னடத்திலும் அண்ணாவே. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் எழுதினால் அது சில்லறை அல்ல. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் வந்து அதே இடத்தில் அதே உறவைப் போட்டுக் கையெழுத்திட்டார். போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த குடியிருப்போர் விவரத்தில் பிரதர். எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரியில் பிரதர். பரிசோதனைக்கூடத்தில், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் பிரதர்.

ஆன்ட்டிக்கு இன்னொரு விதியும் இருந்தது. ஆண் யார் வந்தாலும், அண்ணனே ஆனாலும், கதவு திறந்திருக்க வேண்டும். மாதத்தின் முதல் வியாழக்கிழமை அருள்ராஜ் நவநாள் பூசைக்குக் கோயிலுக்கு வருவார். முடிந்ததும் மாடியேறி வந்து, கதவுக்கு நேர் எதிரே போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காபி குடிப்பார். காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க நான் அரைக்கும் கல்லை அதற்கு முட்டுக் கொடுத்துவைப்பேன். இன்றைக்கும் நான் மட்டும் இருக்கும்போதுகூடக் கை தானாகக் கல்லைத் தள்ளி வைக்கிறது.

3

தமிழில் இந்தச் சொல்லுக்கு நிகர் தேடிப் பார்த்தேன். அண்ணன் மாதிரி என்போம். ஆனால் மாதிரி என்பது நம்மிடம் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஒருவரை அண்ணா என்றால் அவர் மனைவி அண்ணி ஆகிவிடுவார், அவர் பிள்ளைக்கு நான் அத்தை ஆகிவிடுவேன், அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முறைகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும். ஆங்கிலச் சொல் அன்பை மட்டும் தருகிறது. தமிழ் அன்போடு வேலியையும் சேர்த்துத் தருகிறது.

குறை சொல்லவில்லை. வேலிக்குள் நான் நன்றாகவே இருந்தேன். ஸ்டெல்லா என்னை நாத்தனாராகவே நடத்தினாள். தங்கவயலுக்குப் போனால் வாசலிலேயே, "வந்துட்டாங்கப்பா எங்க வீட்டு நாத்தனா, இனிமே டப்பாங்க எல்லாம் வரிசையா நிக்கும்" என்று கிண்டல் செய்வாள். அவள் சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் எழுதி ஒட்டியவள் நான்தான். ஷெரினின் முதல் நற்கருணைக்கு வெள்ளை கவுன் எடுத்துக்கொடுத்தேன், அத்தை என்ற முறையில். ஷெரின் கல்லூரிக்கு வந்ததும் அவர்கள் குடும்பம் பெங்களூரிலேயே, ஒக்கலிபுரத்துக்குக் குடிவந்தது. அதன் பிறகு ஒரு ஜூன் மாதம், மழைக்காலக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன ஸ்டெல்லா திரும்பி வரவில்லை. அடக்கத்தின்போது நாத்தனார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன்.

அதன் பிறகு நடந்ததில் ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஸ்டெல்லா போய் இரண்டு வருடங்கள் தாண்டிய ஆகஸ்ட் மாதம். எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வடக்கே இருந்து வந்த இளைஞர்கள் நிறையப் பேர். ராக்கிக் கயிறுகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வந்தார்கள். "மேடம், நீங்க அருள் சாருக்குக் கட்டணும். இந்த ஆபீஸ்லயே உண்மையான பிரதர் சிஸ்டர் நீங்க ரெண்டு பேர்தான்" என்றார்கள். எல்லோரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம் பக்கத்தில் இல்லாத வழக்கம். ஆனாலும் கயிறு கயிறுதான். அருள்ராஜ் கையை நீட்டினார். நான் முடிச்சுப் போட்டேன். அவிழ்ந்துவிட்டது. மறுபடி போட்டேன். கைதட்டினார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை, எடைக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செய்யும் வேலை ஆவணச் சரிபார்ப்பு. எழுதியதும் நடந்ததும் ஒன்றா என்று பார்ப்பதே என் பிழைப்பு. எழுதியது ஒன்று, நடந்தது வேறொன்று என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? எல்லாத் தாள்களிலும் பிரதர் என்று இருந்தது. அந்தக் கயிற்றோடு சேர்த்தால் இன்னும் ஒன்று. மேலும் ஆறு வருடங்கள் அப்படியே போயின.

4

இந்த வருடம் ஷெரினுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அருள்ராஜ் சொன்னார்: "ஷெரின் கெளம்பிடும். நான் ஒண்டியா கீறேன். நீயும் ஒண்டியா கீற. ரெண்டு ஒண்டிக்கு எதுக்கு ரெண்டு வூடு?"

"என்ன அண்ணா பேசறீங்க?" என்றேன்.

"மொதல்ல அந்த வார்த்தைய நிறுத்து."

நிறுத்த முடியவில்லை. அன்று இரவே சாப்பாட்டுக்கு முன் போனில், "சரி அண்ணா" என்றுதான் சம்மதம் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

சிரிப்பு அன்றோடு முடிந்தது. அவர் கத்தோலிக்கர், நான் இந்து. யாரும் மதம் மாறுவதாக இல்லை. அதனால் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். பிலோமினா ஆன்ட்டியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் உரித்துக்கொண்டிருந்த பட்டாணியைக் கீழே வைத்தார்.

"அண்ணன்னு சொல்லித்தானே வீட்டுக்குள்ள வந்த?"

"நீங்கதான் ஆன்ட்டி அண்ணன்னு எழுதச் சொன்னீங்க."

"எழுதச் சொன்னேன். நீ ஏன் அதுக்கப்புறம் மாத்தின? கோயில்ல நாலு பேரு கேட்டா நான் என்னம்மா சொல்றது? அவ அண்ணன்தான், கட்டுப்பாடான பொண்ணுன்னு இத்தன வருஷமா சாட்சி சொன்னவ நான்." பட்டாணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். "அடுத்த அக்ரிமென்ட்டுக்கு யாரு கையெழுத்துப் போடுவாங்கன்னு யோசிச்சியா?"

மறுநாள் முதல் அவர் என்னோடு பேசவில்லை. படிக்கட்டு விளக்கையும் போடவில்லை. வேலை முடிந்து வந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு, அவர் கதவைத் தாண்டி ஏறுவேன். உள்ளே டி.வி. சத்தம் நான் தாண்டும் வரை குறையும், தாண்டியதும் ஏறும்.

ஷெரினிடம் அவள் அப்பா சொன்னார். அவளும் எனக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டாள்.

5

சார்பதிவாளர் அலுவலகத்தில் முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தேன். எழுத்தர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கடைசிப் பக்கத்தில் நின்றார். எங்கள் விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஏனு மேடம் இது? இல்லி பிரதர் அந்த இதெ. அண்ணன்ன மதுவெ ஆக்தீரா?" அண்ணனையா கல்யாணம் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்று கேட்டார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற இளம் ஜோடி சிரிப்பை அடக்கிக்கொண்டது.

"அண்ணன் மாதிரி சார்" என்றார் அருள்ராஜ். பல வருடங்களுக்கு முன் சொன்ன அதே சொல்.

"மாதிரியோ என்னவோ" என்று எழுத்தர் தமிழுக்கு வந்தார். "பேப்பர்ல பிரதர்னு இருக்கு. கூடப் பிறந்தவங்க இல்லன்னு ரெண்டு பேரும் அஃபிடவிட் குடுங்க. விலாசம் விசாரிக்க ஆள் வருவாங்க. அதுவும் சரியா இருந்தாத்தான் நோட்டீஸ் ஒட்டுவோம்."

வாசலில் மடிக்கணினியும் சிறிய பிரின்டருமாக ஒரு வக்கீல் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் வேகமாக டைப் செய்தார். நாங்கள் இன்ன பெற்றோருக்குப் பிறந்தவர்கள், உடன்பிறந்தவர்கள் அல்ல. அது வரை சரி. அடுத்த வாக்கியம்: ஒப்பந்தத்தில் பிரதர் என்று குறித்தது எங்களுக்கிடையே இருந்துவரும் அன்பு பிரதர்லி தன்மை உடையதாகையால் மட்டுமே, வேறு காரணத்தால் அல்ல.

"பக்காவா இருக்கு மேடம்" என்றார். "பிரதர் இல்ல. பிரதர்லி. எந்த ஆபீசரும் கேள்வி கேக்க முடியாது."

"இருந்துவரும் அன்பு அப்படின்னா, இன்னைக்கு எதுக்குக் கல்யாணம்னு கேட்டா?"

"அது வேற பேப்பர் மேடம்."

அருள்ராஜ் பேனாவை எடுத்துவிட்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். அலுவலக வாசலில், பலர் முன்னால், அவர் கையை நான் பிடித்தது அதுதான் முதல் தடவை. "யோசிச்சுக் கையெழுத்துப் போடலாம்" என்றேன்.

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பேஜாரா?" என்றார்.

"அந்த வார்த்தைய எடுத்துட்டு வேற டைப் பண்ணித் தரவா?" என்று வக்கீல் கேட்டார். அதற்கும் என்னால் தலையாட்ட முடியவில்லை. தாளை மடிக்காமல் உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் சிக்கல் இதுதான். அந்தச் சொல்லை வைத்துக் கையெழுத்துப் போட்டால் இன்றைய தேதியில் பொய். எடுத்துவிட்டால், அது ஒருபோதும் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அப்படியானால் ஸ்டெல்லாவின் சமையலறையில் டப்பாக்களை வரிசையாக வைத்தவள் யார்? அங்கே போய்வந்த அத்தனை வருடங்களும் வேஷமா? எனக்கு இரண்டு கதவுகள் இருந்தன, இரண்டும் உள்பக்கமாகவே பூட்டியிருந்தன.

6

ஒரு வாரநாள் பகலில் ஷெரின் வந்தாள். புனேக்குப் போகுமுன் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். நான் விடுப்பில் இருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். காபி வேண்டாம் என்றாள்.

"அப்பா அந்த அஃபிடவிட் போட்டோ அனுப்பினாரு. எனக்குத் தமிழ்தான் படிக்க வராது. இங்கிலீஷ் வரும் அத்தை."

நான் மேசைமேல் கிடந்த உறையைப் பார்த்தேன்.

"பிரதர்லின்னு போட்டிருக்கு. அது நெஜம்னா, இப்ப நீங்க பண்றது அசிங்கம். அது பொய்னா, எங்கம்மா இருந்தப்ப நம்ம வீட்டுக்கு வந்தது யாரு? ஸ்ட்ரெய்ட்டா சொல்லுங்க. எப்பலேர்ந்து?"

"உங்கம்மா இருந்த வரைக்கும் அவரு எனக்கு அண்ணன்தான். அது பொய்யில்ல ஷெரின்."

"அப்புறம்?"

"அப்புறம் எப்ப மாறிச்சுன்னு எனக்குத் தெரியல."

"தெரியலையா?" அவள் சிரித்தாள், அது சிரிப்பு இல்லை. "கேஸ் சிலிண்டர் வந்த நாளைக்கூட எழுதி வெப்பீங்க. போன வருஷம் அதே நாள்ல என்ன பொரியல்னு சொல்லுவீங்க. இது மட்டும் தெரியாது. செம அத்தை."

உண்மையிலேயே நாள் தெரியாது. ராக்கி கட்டியபோது அறிந்தேன். ஆனால் அறிந்த நாள் வேறு, தொடங்கிய நாள் வேறு. தொடங்கியது அதற்கு முன்பே என்றால் எவ்வளவு முன்பு? ஸ்டெல்லா இருந்த நாட்களைத் தொட்டுவிடும் அளவுக்கா? இல்லை என்று மனம் சொன்னது. மனம் சொல்வதை நான் அலுவலகத்தில் சான்றாக ஏற்பதில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும் எப்படிக் கொடுப்பேன்?

ஷெரின் எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். அப்போது கீழே ஒரு பைக் வந்து நின்றது. விலாசம் விசாரிக்க வந்த ஆள். அவர் கன்னடத்தில் என் பெயரைச் சொல்லி விசாரித்தது, கல் முட்டுக்கொடுத்துத் திறந்தே இருந்த கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. ஷெரின் வாசலிலேயே நின்றுவிட்டாள். நானும் அவள் பின்னால் நின்றேன்.

"இருக்கா. மாடியில" என்றார் பிலோமினா ஆன்ட்டி. அவருக்குக் கன்னடமும் தமிழும் ஒரே வாயில் வரும்.

"அருள்ராஜ் யாரு அவங்களுக்கு? அண்ணனாமே?"

இவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்தது.

"அண்ணா அல்ல சார். நான்தான் எழுதச் சொன்னேன். தனிப் பொம்பளைக்கு வீடு குடுக்க ஒரு ஆம்பளை பேரு வேணும்ல? அவன் தங்கவயல் பையன், இவ குடியாத்தம் பொண்ணு. அப்பன் வேற, ஆத்தா வேற, கோயில் வேற."

"நிச்சயமா?"

"என்ன சார் நிச்சயமா? வருஷக்கணக்கா என் வாசலத் தாண்டித்தான் ஏறி எறங்கறாங்க. நான் பாக்காமலா? அவன் பொண்டாட்டி இருந்த வரைக்கும் இவ நைட்டிமேல ஒரு துண்டப் போட்டுக்கிட்டு வந்து கதவத் தொறப்பா. கூடப் பிறந்தவனுக்கு நைட்டி போதும் சார். அந்தப் பொண்ணு பாவம் செத்துப்போயி மொத கிறிஸ்துமஸ் வந்துச்சு. அப்பவும் நைட்டி, துண்டு. ரெண்டாவது கிறிஸ்துமசுக்கு அவன் கேக் எடுத்துட்டு வந்தான். அன்னைக்குப் புடவை மாத்தினா. அதுலேர்ந்து ஒவ்வொரு மொத வியாழக்கிழமையும் சாயங்காலம் புடவைதான். அண்ணன் வராருன்னு எந்தத் தங்கச்சி சார் புடவை மாத்துவா?"

வந்தவர் சிரித்தார். ஆன்ட்டி சிரிக்கவில்லை. "எழுதிக்கோங்க" என்றார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எனக்கு முகம் சுட்டது. இருட்டிலும் வெளிச்சத்திலும் யாரும் கவனிக்காமல் ஏறி இறங்குவதாக நினைத்திருந்தேன். ராக்கிக்கு எட்டு மாதம் முன்பே, நான் அறியுமுன்பே, கீழ்வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் கோயிலில் எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

ஷெரின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவது கிறிஸ்துமஸ்" என்றாள். விரலை மடக்கி எதையோ எண்ணினாள். "அம்மா போயி ஒன்றரை வருஷம்."

"ம்."

ஷெரின் பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"எந்தப் புடவை?"

"பச்சை. கட்டம் போட்டது."

"அதுவா? அத்தை, அது உங்களுக்கு நல்லாவே இல்லை" என்றாள். நான் காபி போட உள்ளே போனேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "நான் அத்தைன்னுதான் கூப்பிடுவேன். அத மாத்த முடியாது" என்றாள். மாற்ற வேண்டாம் என்றேன்.

7

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் முதல் நாள் சேருகிறவர்களுக்கு நான் ஒரு பாடம் எடுப்பேன். பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் சுரண்டக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது. தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவும் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு. கீழே இருந்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், தேதி. முன்பு எழுதியதும் ஒரு காலத்தில் யாரோ உண்மை என்று நம்பி எழுதியதுதான், அதை ஒளித்தால் பிறகு எழுதுவதையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று சொல்லுவேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். சில வாரங்களாக மேசைமேல் கிடந்த என் சொந்தத் தாளுக்கு அது பொருந்தும் என்று ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வக்கீலிடம் போனோம். அவர் பழைய கோப்பைத் திறந்து, "எடுத்துட்டு புதுசா அடிச்சுடலாம் மேடம்" என்றார். வேண்டாம் என்றேன். உறையிலிருந்த தாளை வெளியே எடுத்து, பேனாவால் 'இருந்துவரும்' என்ற இடத்திலும் 'பிரதர்லி' என்ற இடத்திலும் ஒவ்வொரு கோடு போட்டேன். முதலாவதன் மேலே 'இருந்துவந்த' என்று எழுதினேன். இரண்டாவதன் மேலே என்ன எழுதுவது என்று யோசித்தேன். எதுவும் எழுதவில்லை. அங்கே எழுத வேண்டியதற்கு வேறு தாள் இருக்கிறது என்று வக்கீலே சொல்லியிருந்தார். ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும், கீழே கையெழுத்தும் இட்டேன். அருள்ராஜும் இட்டார். "எடைக் கருவி ரெஜிஸ்டர் மாதிரியே கீது" என்றார்.

எழுத்தரிடம் கொடுத்தோம். விசாரணைக்கு வந்தவரின் குறிப்பை ஏற்கெனவே படித்திருப்பார் போலிருக்கிறது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். அன்று நான் கட்டியிருந்தது பச்சைப் புடவை இல்லை. ஷெரின் விடவில்லை.

நோட்டீஸ் ஒட்டிய பிறகு முப்பது நாள். வரிசையாக இருக்கும் இளம் முகங்களுக்கு நடுவே எங்கள் இரண்டு படங்களும் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் இருக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக்கொடுக்கலாம், கூடப் பிறந்தவர்களும் சேர்த்து. பிலோமினா ஆன்ட்டி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் படிக்கட்டு விளக்கு எரிகிறது. போனில் பேசும்போது அண்ணா என்றுதான் இன்னும் வாயில் வருகிறது. அவர் ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் காத்திருக்கிறார், நான் நிறுத்தி, பெயரைச் சொல்லும் வரை.

தாளைக் கொடுத்த அன்று எழுத்தர் அதை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தார்.

"மேடம், அடிச்சிருக்கீங்க. ஆனா கீழ இருக்கற வார்த்தை படிக்க வருதே."

"வரணும் சார்" என்றேன்.